அழுத்தியும் இயங்காத மின்பிறப்பாக்கி: எங்கே தேடுவது?

கடையில் மின்பிறப்பாக்கியைக் காட்டும்போது விற்பவர் சாவிக்கோர்வை அளவான ஒரு சிறு கருவியை நமது கையில் தருவார். "கயிறு இழுக்கத் தேவையில்லை. வீட்டுக்குள்ள இருந்தே அமத்துங்கோ, தானே ஸ்டார்ட் ஆகும்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால், அந்தப் பொத்தானை அழுத்தியும் இயந்திரம் அசையாத ஓர் இரவு எந்த வீட்டுக்கும் வரலாம். அந்த இரவில் எந்த ஒழுங்கில் தேடுவது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது கல்லூரியின் பழைய மாணவியான நான் இப்போது வல்வெட்டித்துறைக்கு அருகிலுள்ள பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். வல்வெட்டித்துறை யாழ் குடாநாட்டின் வடமராட்சிக் கரையில், கடலை ஒட்டி அமைந்த பட்டினம். 1938ஆம் ஆண்டில் அமெரிக்கா வரை சென்ற 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் கட்டப்பட்ட ஊர் இது. இங்கே பல வீடுகளில் பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். வயதான தாயும் தகப்பனும் மாத்திரமே வீட்டில் இருக்கிறார்கள். கயிறு இழுக்கத் தோளில் பலம் இல்லாத அந்தப் பெற்றோருக்காகவே பிள்ளைகள் ரிமோட் உள்ள மின்பிறப்பாக்கியை வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆகவே ரிமோட் பழுதடைவது அங்கே சிறு தொல்லையாக முடிந்துவிடுவதில்லை.

கயிற்றிலிருந்து பொத்தானுக்கு

1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. அக்காலத்தை இங்குள்ள பெரியவர்கள் இன்றும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கேற்றிப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்னில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் இறைப்பு இயந்திரத்துக்கும் சிறிதளவு பெற்றோலை விட்டுத் தொடக்கிவைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். இயந்திரம் ஒன்று தொடங்குவதற்கு என்னென்ன வேண்டும் என்பது அந்தத் தலைமுறைக்குக் கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது.

பொத்தானால் தொடக்கும் வழக்கம் அதற்கு முன்பே உலகில் வந்துவிட்டது. ஆரம்பகாலக் கார்களை முன்னால் நின்று இரும்புக் கைபிடியால் சுற்றியே தொடக்கவேண்டியிருந்தது. இயந்திரம் எதிர்த்து உதைத்தால் கைபிடி திருப்பியடிக்கும். அதனால் கை எலும்பு முறிந்தவர்கள் பலர். அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெற்றரிங் உருவாக்கிய மின் தொடக்கி 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. உடற்பலம் இல்லாதவர்களும் கார் ஓட்ட அது வழிதிறந்தது. பெண்கள் பலர் தனியாகக் கார் ஓட்டத் துணிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள்.

இன்று நமது வீட்டு மின்பிறப்பாக்கியில் இருப்பதும் அதே முறைதான். பற்றரி ஒரு சிறு மோட்டாரைச் சுற்றுகிறது. அந்த மோட்டார் பெரிய இயந்திரத்தைச் சுற்றிவிடுகிறது. பொத்தானுக்கும் மோட்டாருக்கும் இடையில் வயருக்குப் பதிலாக வானொலி அலை வந்திருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

ஒரு பொத்தானுக்குப் பின்னால் எத்தனை வேலை

ரிமோட்டை அழுத்தியது முதல் மின் வரும் வரை நடப்பவற்றை ஒழுங்காகப் பார்ப்போம்.

முதலில், ரிமோட்டுக்குள் இருக்கும் சிறு பற்றரி ஒரு வானொலி அலையை அனுப்புகிறது. தொலைக்காட்சி ரிமோட்டையும் இதையும் பலர் ஒன்றாக எண்ணுகிறார்கள். தொலைக்காட்சி ரிமோட் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்புகிறது. அதைக் கருவியை நோக்கிப் பிடிக்கவேண்டும். கைத்தொலைபேசிக் கமெராவில் பார்த்தால் அந்த ஒளி மினுங்குவது பெரும்பாலும் தெரியும். மின்பிறப்பாக்கியின் ரிமோட் அனுப்புவது வானொலி அலை. அதைத் திசை பார்த்துப் பிடிக்கத் தேவையில்லை. கமெராவில் அது தெரியவும் மாட்டாது.

இரண்டாவது, மின்பிறப்பாக்கியில் இருக்கும் வாங்கி அந்த அலையைப் பெறுகிறது. தனக்குப் பழக்கப்படுத்தப்பட்ட ரிமோட்டின் குறியீடு என்றால் மாத்திரமே அது செயற்படும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ரிமோட்டுக்கும் நமது இயந்திரம் ஓடத்தொடங்கிவிடும்.

மூன்றாவது, கட்டுப்பாட்டுப் பெட்டி கார்புரேற்றரின் எரிபொருள் வால்வைத் திறந்து, சோக்கைச் சரிசெய்கிறது. நான்காவது, ரிலே ஒன்றை மூடுகிறது. அப்போதுதான் 'டக்' என்ற சத்தம் கேட்கும். ஐந்தாவது, பற்றரியிலிருந்து பெருமளவு மின்னோட்டம் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பாய்கிறது. ஆறாவது, இயந்திரம் சுழன்று, பெற்றோல் ஆவியும் தீப்பொறியும் சேர்ந்து எரியத் தொடங்குகிறது. இயங்கிவிட்டதை உணர்ந்ததும் பெட்டி ஸ்டார்ட்டரை விடுவிக்கிறது. இயங்கவில்லை என்றால் சில விநாடி இளைப்பாறி மீண்டும் முயல்கிறது. சில தடவை முயன்றும் முடியாவிட்டால் நின்றுவிடும்.

இந்த ஆறில் எது அறுந்தாலும் வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: வெளிச்சம் வரவில்லை. அதனால்தான் பலர் ரிமோட்டைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். அப்படி அழுத்துவதால் பலவீனமான பற்றரி இன்னும் இறங்குவதுதான் மிச்சம்.

மூன்று வழிகளையும் ஒப்பிடுங்கள்

பழுதைத் தேட முன் ஓர் அடிப்படைப் பார்வை அவசியம். பற்றரிச் சுவிச் 'ஓன்' இல் இருக்கிறதா? பெற்றோல் இருக்கிறதா? பெற்றோல் வால்வு திறந்திருக்கிறதா? எண்ணெய் அளவு சரியா? இயந்திரம் சமதரையில் நிற்கிறதா? வீட்டுச் சுமைகள் எல்லாம் கழற்றப்பட்டிருக்கின்றனவா? அழைத்துவந்த திருத்துநர் இந்தக் கேள்விகளிலேயே வேலையை முடித்துக்கொண்டு திரும்பிய வீடுகள் உண்டு.

அதன் பின்னரும் இயங்காவிட்டால், ரிமோட் உள்ள மின்பிறப்பாக்கிகளில் பொதுவாக மூன்று தொடக்க வழிகள் இருப்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒன்று ரிமோட். இரண்டு, இயந்திரத்தின் முகப்பில் உள்ள ஸ்டார்ட் பொத்தான். மூன்று, இழுகயிறு. இந்த மூன்றும் சில பாகங்களைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. கயிற்றுக்கு இயந்திரமும் பெற்றோலும் தீப்பொறியும் போதும். முகப்புப் பொத்தானுக்கு அவற்றோடு பற்றரியும் ரிலேயும் ஸ்டார்ட்டரும் வேண்டும். ரிமோட்டுக்கு இவை எல்லாவற்றோடும் ரிமோட் பற்றரியும் வாங்கியும் வேண்டும்.

ஆகவே விடை இப்படி வரும்:

முகப்புப் பொத்தானில் ஓடுகிறது, ரிமோட்டில் ஓடவில்லை என்றால், பழுது ரிமோட்டில் அல்லது வாங்கியில்.

முகப்புப் பொத்தானிலும் ஓடவில்லை, கயிற்றில் ஓடுகிறது என்றால், பழுது பற்றரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையில்.

கயிற்றிலும் ஓடவில்லை என்றால், பெரும்பாலும் பெற்றோல், காற்று, தீப்பொறி, எண்ணெய் ஆகியவற்றில் தேடவேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சில மாதிரிகளில் கார்புரேற்றரின் எரிபொருள் வால்வு மின்னால் திறப்பது. பற்றரி முற்றாக இறங்கியிருந்தால் அது திறக்காது. அப்போது கயிறும் கைகொடுக்காது. உங்கள் இயந்திரம் எந்த வகை என்பதைக் கையேட்டில் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

பழுது ரிமோட்டில் என்றால்

முதலில் ரிமோட்டின் பற்றரியை மாற்றுங்கள். பல ரிமோட்டுகளில் 3 வோல்ற் நாணயப் பற்றரி இருக்கும். சிலவற்றில் விரல்நுனி அளவான 12 வோல்ற் பற்றரி இருக்கும். ரிமோட்டின் சிறு விளக்கு எரிகிறது என்பதால் பற்றரி நலமாக இருக்கிறது என்று எண்ணவேண்டாம். விளக்குக்குப் போதுமான மின், தூரத்துக்கு அலை அனுப்பப் போதாமல் இருக்கலாம். இயந்திரத்தின் அருகே சென்று அழுத்தினால் வேலை செய்கிறது, விறாந்தையிலிருந்து அழுத்தினால் இல்லை என்றால் இதுவே முதற் சந்தேகம்.

அடுத்தது தடைகள். பெட்டியில் எழுதியிருக்கும் தூரம் வெட்டவெளிக்கு உரியது. கம்பி போட்ட கொங்கிரீட் சுவர்கள், தகரக் கூரை, தகர வேலி ஆகியன அலையைத் தடுக்கும். களவுக்குப் பயந்து மின்பிறப்பாக்கிக்கு இரும்புக் கூடு செய்து பூட்டிவைக்கும் வழக்கம் இங்கே உண்டு. அந்தக் கூடும் அலையைக் குறைக்கும். வாங்கியிலிருந்து ஒரு சாண் நீளமான மெல்லிய வயர் தொங்கிக்கொண்டிருந்தால் அதுதான் அன்ரெனா. அது சுருண்டோ, இரும்புச் சட்டத்தோடு நசுங்கியோ இருந்தால் நிமிர்த்திவிடுங்கள்.

புதுப் பற்றரி போட்டபின்பும் அருகிலிருந்தே வேலை செய்யாவிட்டால், ரிமோட்டை மீண்டும் பழக்கப்படுத்த வேண்டியிருக்கலாம். பொதுவாகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி விளக்கு மினுங்கும்போது ரிமோட்டை அழுத்தவேண்டும். முறை மாதிரிக்கு மாதிரி மாறும் என்பதால் கையேடு தேவை. சில மாதிரிகள் நீண்ட நேரம் பயன்படுத்தாவிட்டால் பற்றரியைக் காக்க வாங்கியை உறங்கவைத்துவிடும். முகப்புச் சுவிச்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் அவை மறுபடி விழிக்கும்.

பழுது பற்றரிப் பக்கம் என்றால்

ரிமோட் உள்ள மின்பிறப்பாக்கிக்கு மற்றவற்றுக்கு இல்லாத ஒரு பலவீனம் உண்டு. வாங்கி எந்நேரமும் காது கொடுத்துக் காத்திருக்கவேண்டும். அதற்குச் சிறிது மின் தேவை. மாணவிகளுக்காக ஒரு கணக்கு: வாங்கி 10 மில்லி அம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 240 மில்லி அம்பியர் மணி. 30 நாளுக்கு 7.2 அம்பியர் மணி. பற்றரி 9 அம்பியர் மணி என்றால், ஒரு மாதத்தில் அதில் ஐந்தில் நான்கு பங்கு எதுவும் செய்யாமலே தீர்ந்துவிடும். மழைக்காலத்துக்காக வாங்கி, மாதக்கணக்கில் மூடிவைத்த இயந்திரம் தேவைப்படும் இரவில் 'டக், டக்' என்று மாத்திரம் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஒரு மல்டிமீற்றர் இருந்தால் இந்தப் பகுதியை வீட்டிலேயே சோதிக்கலாம். விஞ்ஞான பாடப்புத்தகத்தில் பல்மானி என்று படித்தோமே, அதேதான். ஈய அமிலப் பற்றரி முழுமையாக ஏறியிருந்தால் ஓய்வில் 12.6 வோல்ற்றுக்குக் குறையாமல் காட்டும். 12.0 என்றால் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது. ஆனால், ஓய்வில் எடுக்கும் அளவு மாத்திரம் போதாது. ஒருவர் ஸ்டார்ட் பொத்தானை அழுத்த, மற்றவர் பற்றரி முனைகளில் மீற்றரைப் பார்க்கவேண்டும். அளவு 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பற்றரி இறங்கிவிட்டது அல்லது பழுதாகிவிட்டது. அளவு 12இற்கு மேலேயே நிற்க, மோட்டார் சுழலாவிட்டால் பற்றரியில் குறையில்லை. மின் அங்கிருந்து போய்ச் சேரவில்லை என்பது பொருள்.

நான் தங்கியிருக்கும் வீட்டில் நடந்தது இந்த இரண்டாவது வகை. வீட்டுக்கார ஆச்சிக்கு நுரையீரல் நோய். ஒட்சிசன் செறிவாக்கி என்ற கருவி இரவு முழுவதும் ஓடவேண்டும். நிமிடத்துக்கு 5 லீற்றர் தரும் அத்தகைய கருவி ஏறத்தாழ 350 வாற்று மின் எடுக்கும். சிறிய மின்பிறப்பாக்கியே அதற்குப் போதும். ஒரு கார்த்திகை மழை இரவில் மின்சாரம் நின்று, கருவி எச்சரிக்கை ஒலி எழுப்பியது. ஆச்சி தலைமாட்டில் இருந்த ரிமோட்டை அழுத்தினார். "பிள்ளை, டக்கெண்டு கேக்குது. ஆனா மெசின் சுத்தேல்லை" என்றார்.

வைத்தியர் சொன்னபடி ஒரு சிறிய ஒட்சிசன் சிலிண்டர் கட்டிலுக்கருகே எப்போதும் வைக்கப்பட்டிருந்தது. முதலில் குழாயை அதற்கு மாற்றினோம். இனி அவசரமில்லாமல் தேடலாம். முகப்புப் பொத்தானை அழுத்தியபோதும் அதே 'டக்'. ஆகவே ரிமோட்டிலும் வாங்கியிலும் குற்றமில்லை. பக்கத்து வீட்டு மாணவி உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பவியல் படிப்பவர். சத்தம் கேட்டு வந்தவர் சோக்கைக் கையால் சரிசெய்து, கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் இயந்திரம் ஓடத்தொடங்கியது. "உனக்குக் கயிறு இழுக்கத் தெரியுமோ!" என்று ஆச்சி வியந்தார்.

மறுநாள் இருவருமாகத் தீப்பொறிப் பிளக்கின் மூடியைக் கழற்றிவைத்துவிட்டு அளந்தோம். பற்றரி ஓய்வில் 12.5 வோல்ற். பொத்தானை அழுத்தும்போதும் 12.3. பற்றரியின் எதிர்முனைக்கும் இயந்திரத்தின் இரும்புடலுக்கும் இடையில் மீற்றரை வைத்து மீண்டும் அழுத்தினோம். அரை வோல்ற்றுக்குக் கீழ் இருக்கவேண்டிய இடத்தில் 11 வோல்ற் காட்டியது. பற்றரியின் பலம் முழுவதும் அந்த ஓர் இணைப்பிலேயே தங்கிவிட்டது. எதிர்முனை வயர் சட்டத்தோடு இணையும் புரியாணியைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் அடியில் கறளும் பச்சை வெள்ளைக் களிம்பும் தடிப்பாகப் பிடித்திருந்தன. அரத்தாளால் உரஞ்சி, இறுக்கிப் பூட்டியதும் ரிமோட்டின் முதல் அழுத்தலிலேயே இயந்திரம் ஓடியது. வாங்கவேண்டியிருந்த பாகம் எதுவுமில்லை.

கடலோரத்தில் இது எதிர்பார்க்கவேண்டிய பழுது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் உப்பு ஈரம் எல்லா உலோகத்திலும் படியும். இங்குள்ள கடற்றொழிலாளர்கள் வெளியிணைப்பு இயந்திரத்தைக் கரைக்குக் கொண்டுவந்ததும் நன்னீரால் கழுவி, முனைகளுக்குக் கிறீஸ் பூசுவது இதனால்தான். மின்பிறப்பாக்கியை நீரால் கழுவக்கூடாது. முனைகளைச் சுத்தம் செய்து வாசலின் அல்லது கிறீஸ் பூசலாம். பற்றரி முனையில் வெள்ளைப் பூப்புப் பிடித்திருந்தால் அப்பச்சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். இந்த ஒழுங்கு தவறினால் சாவி இரும்பில் பட்டுப் பெரும் பொறி பறக்கலாம்.

சுழல்கிறது, ஆனால் இயங்கவில்லை என்றால்

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழற்றியும் இயந்திரம் பற்றவில்லை என்றால் மின் பக்கத்தை விட்டுவிட்டு எரிபொருளைப் பாருங்கள். தாங்கியில் நீண்டகாலம் கிடந்த பெற்றோலின் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். எஞ்சியது பிசினாகிக் கார்புரேற்றரின் நுண்துளையை அடைக்கும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. வரிசையில் நின்று பெற்ற பெற்றோலை அக்காலத்தில் பலர் சேமித்து வைத்தார்கள். பழைய பெற்றோலைப் பொக்கிஷமாக வைத்திருப்பது இயந்திரத்துக்கு நல்லதல்ல. சில மாதங்களுக்கு மேல் பயன்படுத்தாமல் வைப்பதானால் தாங்கியையும் கார்புரேற்றர் கிண்ணத்தையும் வெறுமையாக்குங்கள்.

சோக்கும் ஒரு காரணமாகலாம். குளிர்ந்த இயந்திரத்துக்குக் காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டவேண்டும். அதைத்தான் சோக் செய்கிறது. ரிமோட் மாதிரிகளில் ஒரு சிறு மோட்டார் அதைத் தானே அசைக்கும். அது கறளில் சிக்கிப் பாதியில் நின்றால் இயந்திரம் பற்றாது, அல்லது பற்றிச் சில விநாடியில் அணையும். தொடக்கும்போது அந்த நெம்பு அசைகிறதா என்று கண்ணால் பார்த்தாலே தெரியும்.

எண்ணெய் குறைந்தால் இயந்திரத்தை நிறுத்தும் உணரி பெரும்பாலான மின்பிறப்பாக்கிகளில் உண்டு. எண்ணெய் போதுமாக இருந்தும் இயந்திரம் சரிவான தரையில் நின்றால் அந்த உணரி ஏமாந்து தீப்பொறியைத் தடுத்துவிடும். மணல் நிலத்தில் ஒரு பக்கம் புதைந்து நிற்கும் இயந்திரத்தைச் சீமெந்துக் கல்லின்மேல் மட்டமாக ஏற்றிவைப்பதே இதற்குப் பரிகாரம். கடைசியாகத் தீப்பொறிப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்திருந்தால் துடையுங்கள். பெற்றோலில் நனைந்திருந்தால் காயவிடுங்கள்.

இதற்கு மேல் கட்டுப்பாட்டுப் பெட்டியின் உள்ளேயோ, 230 வோல்ற் மின் வரும் பக்கத்திலோ கைவைக்க வேண்டாம். அது பயிற்சி பெற்ற திருத்துநரின் வேலை.

பெற்றோர் கவனத்துக்கு

மின்பிறப்பாக்கியின் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. நமது குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனை விட இந்த வாயுவை இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்று, வாந்தி என்று தொடங்கி உறக்கத்திலேயே உயிர் போகலாம். இயந்திரத்தைக் குசினியிலோ, கராச்சிலோ, மூடிய விறாந்தையிலோ ஓடவிடக்கூடாது. கதவு யன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போகும்படி வையுங்கள். ரிமோட் தூரம் எட்டவில்லை என்பதற்காக இயந்திரத்தை வீட்டுக்கு நெருக்கமாக நகர்த்துவது மிக ஆபத்தான 'திருத்தம்'. நோயாளிக்காக ஓடவைத்த இயந்திரமே அவருடைய மூச்சுக்கு எமனாகிவிடும்.

ரிமோட்டுக்கே உரிய இன்னோர் ஆபத்தும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இயந்திரத்தைத் தொடக்குகிறோம். மழைக்கு மூடிய தறப்பாள் அதன்மேல் இருக்கலாம். ஒரு பிள்ளை அருகே விளையாடலாம். யாராவது அதைத் திருத்திக்கொண்டிருக்கலாம். ஆகவே அழுத்த முன் ஒருவர் எட்டிப்பார்ப்பதை வழக்கமாக்குங்கள். திருத்தத் தொடங்கும்போது பற்றரிச் சுவிச்சை அணைத்து, தீப்பொறிப் பிளக்கின் மூடியைக் கழற்றி, ரிமோட்டை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுவர் கையில் ரிமோட்டைக் கொடுக்கவே வேண்டாம்.

இரு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் வீட்டுச் சொக்கற்றுக்குள் மின்னைச் செலுத்தும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த மின் வீதிக்குப் போய், நிலைமாற்றியில் பல்லாயிரம் வோல்ற்றாக உயர்ந்து, கம்பத்தில் ஏறியிருக்கும் மின் ஊழியரைக் கொல்லலாம். உரிமம் பெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டு மாற்றுச் சுவிச் பூட்டுவது ஒன்றே சரியான வழி. பெற்றோல் நிரப்புவது இயந்திரம் நின்று ஆறியபிறகே. வெளிநாட்டிலிருந்து இயந்திரத்தை அனுப்புவோரும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கனடாவின் வீட்டு மின் 120 வோல்ற், 60 ஹேட்ஸ். நமது மின் 230 வோல்ற், 50 ஹேட்ஸ். அங்கு பொருந்துவது இங்கு பொருந்தாது.

மாதம் ஒரு நாள்

இத்தனையையும் ஒரு சிறு ஒழுங்கில் அடக்கிவிடலாம். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று எண்ணெயையும் முனைகளையும் பாருங்கள். இயந்திரத்தை ரிமோட்டால் ஒருமுறை, முகப்புப் பொத்தானால் ஒருமுறை, கயிற்றால் ஒருமுறை தொடக்குங்கள். ஏதாவது ஒரு சிறு சுமையோடு 20 நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு பற்றரியைச் சார்ஜரில் போட்டு முழுமையாக ஏற்றுங்கள். நீண்டகாலம் பயன்படுத்தாவிட்டால் பற்றரிச் சுவிச்சை அணைத்துவையுங்கள். ரிமோட்டுக்கு ஒரு புதுப் பற்றரியைக் கையேட்டோடு சேர்த்து வையுங்கள்.

கயிறு இழுப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் மெதுவாக இழுத்து இறுக்கம் தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரே வீச்சில் இழுக்கவேண்டும். பிறகு கயிற்றைக் கையோடு மெதுவாக உள்ளே விடவேண்டும். வெறும் பலத்தை விட இந்த முறையே இயந்திரத்தைத் தொடக்குகிறது. மாணவிகள் இரண்டு மூன்று முறை பழகினால் வந்துவிடும்.

பல வீடுகளில் ஆண்கள் கடலிலோ, கடையிலோ, கடல் கடந்தோ இருக்கிறார்கள். மின்சாரம் நிற்கும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் பிள்ளைகளும்தான். உங்கள் வீட்டில் மின்பிறப்பாக்கி இருந்தால், அதன் கையேட்டை இந்த வார இறுதியில் மகளோடு சேர்ந்து வாசியுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை 'டக்' என்று மாத்திரம் கேட்கும்போது அடுத்ததாக எதைத் தொடவேண்டும் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.